பசி தன் கணக்கை எழுதும் இடம்: கடற்பறவைகளின் உடலும் உணவுப் பஞ்சமும்

2016ஆம் ஆண்டு ஜனவரி முதல் வாரத்தில், அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் நீர்ப்பரப்பின் ஓரத்தில் உள்ள விட்டியர் என்னும் சிற்றூரின் கரையில் ஏறக்குறைய 8,000 பறவைகள் செத்து ஒதுங்கிக் கிடந்தன. கரிய முதுகும் வெள்ளை வயிறும் கொண்ட அவற்றை அமெரிக்காவில் மர் என்றும் பிரிட்டனில் கில்லமாட் என்றும் அழைக்கிறார்கள். இறகில் எண்ணெய்க் கறை இல்லை. பெருவாரியான சாவுக்குத் தொற்றுநோய்தான் முதன்மைக் காரணம் என்று சொல்லத்தக்க சான்றும் கிடைக்கவில்லை. அறுத்துப் பார்த்த உடல்களில் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்றையே: இரைப்பையில் எதுவும் இல்லை, தோலுக்கடியில் கொழுப்புப் படலம் இல்லை, பறப்பதற்கும் நீந்துவதற்கும் உதவும் மார்புத் தசை இருபுறமும் வற்றி உள்வாங்கி, நடுவே நெஞ்செலும்பின் விளிம்பு கத்திபோல் துருத்திக்கொண்டு நின்றது. அவை பட்டினியால் செத்திருந்தன.

2015 கோடையிலிருந்து 2016 வசந்தம் வரை கலிபோர்னியா முதல் அலாஸ்கா வரையிலான கரைகளில் எண்ணப்பட்ட மர் உடல்கள் சுமார் 62,000. கடலில் சாகும் பறவைகளுள் சிறு பகுதியே கரை சேரும் என்பதால், இறந்தவை 10 லட்சம் வரை இருக்கலாம் என்று 2020இல் கணித்தார்கள். பிறகு கூட்டிடும் பாறைகளில் எஞ்சியிருந்த பறவைகளை ஆண்டுக்கணக்கில் எண்ணிப் பார்த்து, அலாஸ்காவில் மட்டும் ஏறக்குறைய 40 லட்சம், அதாவது அங்கிருந்த மர் பறவைகளில் பாதிக்கும் மேல், அழிந்துவிட்டன என்று 2024 டிசம்பரில் வெளியான ஆய்வு அறிவித்தது. இந்த எண்களைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. ஆனால் எண்ணிக்கை என்பது பசி விட்டுச்செல்லும் கடைசித் தடயம். அதற்கு வெகு முன்பே, பறவை உயிரோடு பறந்துகொண்டும் குஞ்சுக்கு இரை கொண்டுவந்துகொண்டும் இருக்கும்போதே, அதன் இரத்தத்திலும் ஈரலிலும் இறகிலும் பசி தன் கணக்கை எழுதத் தொடங்கிவிடுகிறது. அந்தக் கணக்கைப் படிப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் மர் பறவையின் உடலமைப்பைப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ அளவே எடையுள்ள இந்தப் பறவை, 150 மீட்டருக்கும் கீழே மூழ்கி மீன் பிடிக்க வல்லது. நீருக்குள் இறக்கையைத் துடுப்பாக்கி நீந்துவதற்கு இறக்கை சிறியதாக இருக்க வேண்டும். காற்றில் பறப்பதற்கோ அது பெரியதாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே இறக்கையால் செய்யும் இந்தப் பறவை, பறக்கும்போது அதற்கான விலையைக் கொடுக்கிறது. இதன் நெருங்கிய உறவான தடித்த அலகு மர் பறவையைக் கனடாவின் வடகோடியில் அளந்து பார்த்ததில், பறக்கையில் அது செலவிடும் ஆற்றல் ஓய்வு நிலைச் செலவைப்போல் 31 மடங்கு என்று தெரிந்தது. பறவைகளில் அளக்கப்பட்டவற்றுள் இதுவே மிக உயர்ந்த பறத்தல் செலவு. குளிர்ந்த நீரில் உடற்சூட்டைக் காப்பதற்கான செலவும் இதோடு சேர்கிறது. எனவே மர் பறவை நாளொன்றுக்குத் தன் எடையில் பாதி அளவு மீன் தின்றாக வேண்டும். கனத்த கொழுப்பைச் சுமந்துகொண்டு பறக்கவும் முடியாது என்பதால் சேமிப்பும் சொற்பம். மூன்று முதல் ஐந்து நாள் இரை கிடைக்காவிட்டால் அது செத்துப்போகும்.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் நிற்பது அண்டார்க்டிகாவின் எம்பரர் பென்குயின். ஆண் பறவை குளிர்காலம் முழுக்க முட்டையைக் காலின் மேல் வைத்துக் காத்துக்கொண்டு, ஏறக்குறைய நான்கு மாதம் ஒன்றும் தின்னாமல் நிற்கிறது. பசித்த உடலில் என்ன நிகழ்கிறது என்பதை அறிவியல் தெளிவாகக் கற்றுக்கொண்டது இந்தப் பென்குயின்களிடமிருந்துதான். பிரெஞ்சு ஆய்வாளர்களான ஈவோன் லெ மாஹோ, ரெனே க்ரோஸ்கோலா ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் எம்பரர், கிங் பென்குயின்களை எடைபோட்டு, இரத்தம் எடுத்து, பட்டினி மூன்று கட்டங்களாக நடப்பதை நிறுவினார்கள்.

முதற்கட்டம் குறுகியது. ஈரலில் இருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு கரைகிறது, எடை வேகமாக இறங்குகிறது, உடல் தன் செலவைக் குறைத்துக்கொள்ளத் தொடங்குகிறது. இரண்டாம் கட்டம் நீண்டது. எம்பரர் பென்குயின் தன் நான்கு மாதத்தின் பெரும்பகுதியைக் கழிப்பது இதில்தான். இப்போது உடலுக்கு வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ 95 சதவீதம் கொழுப்பிலிருந்து வருகிறது. கொழுப்பு உடைந்து உருவாகும் கீட்டோன் பொருள்கள் இரத்தத்தில் ஏறி, சர்க்கரைக்குப் பதிலாக மூளைக்கு எரிபொருளாகின்றன. தசையில் உடல் பெரும்பாலும் கைவைப்பதில்லை. விதைநெல்லைத் தொடாமல் களஞ்சியத்து நெல்லை மட்டும் அளந்து செலவிடும் வீட்டைப் போன்றது இந்த நிலை.

கொழுப்பு முற்றிலும் தீர்வதற்குச் சற்று முன்பே மூன்றாம் கட்டம் தொடங்குகிறது. உடல் தன் புரதத்தை, அதாவது தசையை, எரிக்க ஆரம்பிக்கிறது. புரதம் சிதைவதால் இரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறுகிறது, கீட்டோன் இறங்குகிறது, எடைக் குறைவு மறுபடியும் வேகமெடுக்கிறது. கூடவே கார்ட்டிகோஸ்டிரோன் என்ற அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன் உயர்கிறது. அடைகாக்கும் பறவைகளிடம் இந்தத் திருப்பத்தில் ஒரு நடத்தை மாற்றம் காணப்பட்டது. அதுவரை அசையாமல் நின்ற பறவை அமைதியிழந்து நடமாடத் தொடங்கி, துணை திரும்பி வராத நிலையில், முட்டையை விட்டுவிட்டுக் கடலை நோக்கிப் போய்விடுகிறது. இதை ஆய்வாளர்கள் 'இரை தேடு' என்று உடல் இடும் ஆணையாகப் பார்க்கிறார்கள். கடலை அடையும் வரை நடக்கவும் அடைந்தபின் மீன் பிடிக்கவும் போதிய தசை மிஞ்சியிருக்கும் வேளையிலேயே அந்த ஆணை பிறக்கிறது என்பதுதான் இதில் வியப்பானது.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்கிறோம். கடற்பறவையின் உடலில் பத்தும் ஒரே வீச்சில் பறப்பதில்லை. எது முதலில் போக வேண்டும், எது கடைசி வரை நிற்க வேண்டும் என்ற வரிசை இருக்கிறது. நீண்ட ஆயுள் உள்ள இந்தப் பறவைகளுக்கு ஓர் ஆண்டின் குஞ்சைவிடத் தன் உயிர் பெரிது. இருபது ஆண்டு வாழ்ந்து, ஆண்டுக்கு ஒரு முட்டை இடும் பறவை, ஒரு முட்டையைக் காக்கப்போய்ச் செத்தால் மீதமுள்ள முட்டைகள் அத்தனையும் போகும். எனவே வரிசையில் குஞ்சு முன்னதாகவே கைவிடப்படுகிறது. இதைக் கல்நெஞ்சம் என்று சொல்வது பறவைக்கு இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

இந்த வரிசையை நடத்திச் செல்லும் முக்கியத் தூதுவன் மேலே சொன்ன கார்ட்டிகோஸ்டிரோன். நெருக்கடி நேரும்போது இது சுரந்து, ஈரலைச் சர்க்கரை உண்டாக்க வைக்கிறது, தசையிலிருந்து புரதத்தை விடுவிக்கிறது, இரை தேடும் ஊக்கத்தைத் தூண்டுகிறது. அந்நேரத்துக்கு அவசியமில்லாத வேலைகளை, குறிப்பாக நோய் எதிர்ப்பையும் இனப்பெருக்கத்தையும், பின்னுக்குத் தள்ளுகிறது. சில மணி நேரம் உயர்ந்து தணிந்தால் இது உயிர்காக்கும் மருந்து. வாரக்கணக்கில் உயர்ந்தே நின்றால் இதுவே உடலை அரிக்கும். முட்டையையும் குஞ்சையும் விட்டு நகரவிடாமல் பறவையைப் பிணைத்து வைக்கும் புரோலாக்டின் என்ற இன்னொரு ஹார்மோன், கார்ட்டிகோஸ்டிரோன் ஏறும்போது தாழ்வதையும் கண்டிருக்கிறார்கள்.

இந்த ஹார்மோனை அளப்பதில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. பறவையைப் பிடிப்பதே அதற்கு ஒரு நெருக்கடி. ஆகவே கையில் சிக்கிய மூன்று நிமிடத்துக்குள் இறக்கையின் சிரையிலிருந்து சில துளி இரத்தம் எடுத்தாக வேண்டும். அதற்குள் எடுத்தால் கிடைப்பது பறவை முன்பே இருந்த நிலையின் அளவு. பிந்தினால் கிடைப்பது பிடித்தவரைக் கண்ட அச்சத்தின் அளவு. வழுக்கும் பாறை விளிம்பில், காற்றும் எச்சமும் முகத்தில் அடிக்க, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு செய்யும் வேலை இது.

1989இல் எக்சான் வால்டீஸ் என்ற கப்பலிலிருந்து நேர்ந்த எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு, பறவைகள் ஏன் மீளவில்லை என்ற கேள்வியோடு 1990களின் பிற்பாதியில் அலாஸ்காவின் குக் இன்லெட் பகுதியில் இப்படிப்பட்ட அளவீடுகள் நடந்தன. மீன் செழித்த கல் (Gull) தீவு, பேரன் (Barren) தீவுகள் ஒருபுறம், மீன் அருகிய சிசிக் தீவு மறுபுறம் என இயற்கையே ஒரு சோதனைக்களத்தை அமைத்துக் கொடுத்திருந்தது. அலெக்சாண்டர் கிட்டைஸ்கி, ஜான் பியாட், ஜான் விங்ஃபீல்ட் ஆகிய ஆய்வாளர்கள் அங்கு கண்டது இத்துறையின் போக்கையே மாற்றியது. சுற்றிலும் மீன் குறையக் குறைய, மர் பறவைகளின் இரத்தத்தில் கார்ட்டிகோஸ்டிரோன் ஏறியது. ஆனால் அவை வளர்த்துக் கரையேற்றிய குஞ்சுகளின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. காரணம், நல்ல ஆண்டுகளில் மர் பெற்றோர் கூட்டருகே சும்மா நிற்கும் நேரம் தாராளமாக உண்டு. மீன் குறைந்தால் அந்த ஓய்வை விற்று, கூடுதல் நேரம் மூழ்கி, குஞ்சின் பங்கைக் குறையாமல் கொண்டுவந்துவிடுகின்றன. வெளியிலிருந்து குஞ்சுகளை மட்டும் எண்ணியவர் எல்லாம் நலம் என்று எழுதியிருப்பார். இரத்தம் மட்டுமே உண்மையைச் சொன்னது. தாங்கும் எல்லை கடந்தபோது என்ன ஆகும் என்பதற்கு 2015க்குப் பிந்தைய ஆண்டுகள் பதில் சொல்லின: அலாஸ்காவின் பல குடியிருப்புகளில் மர் பறவைகள் ஒரு குஞ்சைக்கூட வளர்க்கவில்லை.

கிட்டிவேக் என்ற சிறு கடற்காகத்துக்கு இந்த வசதி குறைவு. ஆழம் மூழ்கத் தெரியாது. மேற்பரப்புக்கு வரும் மீனைத்தான் கொத்தும். ஆகவே அதன் உடலில் பசியின் கணக்கு உடனுக்குடன் தெரிகிறது. அலாஸ்கா வளைகுடாவில் தனித்துக் கிடக்கும் மிடில்டன் தீவில் அமெரிக்க விமானப்படை கைவிட்டுப்போன ஒரு ரேடார் கோபுரம் உண்டு. அதன் வெளிச்சுவர்களில் கிட்டிவேக் பறவைகள் கூடு கட்டின. ஸ்காட் ஹாட்ச் என்ற பறவையியலாளர் அந்தச் சுவர்களில் ஒருவழிக் கண்ணாடிகளைப் பொருத்தினார். உள்ளே நிற்பவர் கைநீட்டும் தொலைவில் கூட்டைப் பார்க்கலாம். பறவைக்கு அவரைத் தெரியாது. 1996 முதல், சில கூடுகளுக்கு மட்டும் உள்ளிருந்து ஒரு குழாய் வழியே மீனைத் தள்ளி ஊட்டினார்கள். பக்கத்துக் கூட்டுப் பறவை வழக்கம்போல் கடலுக்குப் போனது. கடல் ஒன்றே, சுவரும் ஒன்றே, வானிலையும் ஒன்றே; வேறுபட்டது உணவு மட்டுமே. ஊட்டப்பட்டவை முன்னதாக முட்டையிட்டன, கூடுதல் குஞ்சுகளைக் காப்பாற்றின, அவற்றின் கார்ட்டிகோஸ்டிரோன் தாழ்ந்திருந்தது. கடல் வளமாக இருந்த ஆண்டுகளில் இரு தரப்புக்கும் வேறுபாடு சிறுத்தது, வறண்ட ஆண்டுகளில் விரிந்தது. ஹார்மோன் உயர்வுக்குக் காரணம் உணவுதானா என்ற ஐயத்துக்கு இதைவிட நேரடியான விடை கிடைப்பது அரிது.

உடலின் சிக்கனம் ஹார்மோனோடு நிற்பதில்லை. குஞ்சு வளர்க்கும் காலத்தில் கிட்டிவேக் பறவைகளின் ஈரலும் சிறுநீரகமும் சுருங்குகின்றன. இவை எடைக்கு மிஞ்சிய ஆற்றலை விழுங்கும் உறுப்புகள் என்பதால், அவை சிறுத்தால் சும்மா இருக்கும்போது ஆகும் செலவும் குறைகிறது. மர் பறவையும் குஞ்சு பொரித்தபின் எடையைக் குறைத்துக்கொள்கிறது. இதில் ஒரு பகுதி பசியின் விளைவு, ஒரு பகுதி பறத்தல் செலவைக் குறைக்கும் ஏற்பாடு என்பதால், மெலிந்த பறவை எல்லாம் பட்டினிப் பறவை என்று முடிவுகட்ட இயலாது. எடை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்று ஆய்வாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

குஞ்சின் கதை வேறு. வளர்ந்த பறவை காத்திருக்கலாம். வளரும் உடலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பஃபின் என்ற கடற்பறவையின் குஞ்சுகளுக்கு இரையைக் குறைத்துப் பார்த்தபோது, உடல் எடையும் கொழுப்பும் தேங்கின, ஆனால் தலையும் இறக்கையும் இயன்ற வரை வளர்ந்தன. கூட்டை விட்டுப் பறக்க இறக்கை வேண்டும், பறந்தபின் இரை பிடிக்கத் தலையும் அலகும் வேண்டும் என்பதால் உடல் அங்கே முதலிடுகிறது. வளர்சிதை வேகத்தைக் குறைத்துக்கொண்டு கூட்டில் கூடுதல் நாள் தங்கவும் இவற்றால் முடியும். நார்வேயின் ருஸ்ட் தீவுகளில் இந்தத் தாங்குதிறனும் போதாமல் போனது. 1960களின் இறுதியில் ஹெர்ரிங் மீன்வளம் அளவுமீறிய மீன்பிடிப்பால் சரிந்தபின், ஆண்டுக்கு ஆண்டு பஃபின் குஞ்சுகள் வளைக்குள்ளேயே பட்டினியால் மடிந்தன. 1979இல் சுமார் 14 லட்சம் இணைகள் இருந்த அந்தத் தீவுகளில் பின்னாளில் எண்ணியபோது 3 லட்சத்துக்கும் குறைவாகவே இருந்தன. அந்த வீழ்ச்சியில் பெரும்பங்கு, பிறந்த குஞ்சுகள் வளர்ந்து திரும்பாததால் வந்தது.

வயிறு நிறைந்தும் பட்டினி கிடப்பது இன்னொரு வகை. கேப்பலின், சாண்ட் லான்ஸ், ஹெர்ரிங் போன்ற மீன்கள் கொழுப்பு மிக்கவை. இளம் பொல்லாக் மீன் கொழுப்பு குறைந்தது. எடைக்கு எடை பார்த்தால் நல்ல மீனில் இதைப்போல் இரு மடங்கு ஆற்றல்கூட இருக்கலாம். பேரிங் கடலின் பிரிபிலோஃப் தீவுகளில் வாழும் சிவப்புக்கால் கிட்டிவேக் பறவைகள் குறைந்துவந்ததன் காரணத்தைத் தேடி, கிட்டைஸ்கி குழுவினர் குஞ்சுகளை எடுத்து வளர்த்துச் சிலவற்றுக்குக் கொழுப்பு குறைந்த மீனையே கொடுத்தார்கள். அவற்றின் கார்ட்டிகோஸ்டிரோன் உயர்ந்தது. பிறகு எல்லாவற்றுக்கும் நல்ல தீனி கொடுத்து, மாதங்கள் கழித்து, மூடிய கிண்ணங்களுள் எதில் உணவு இருக்கிறது என்பதை ஓர் அடையாளம் கொண்டு கண்டுபிடிக்கும் பயிற்சி கொடுத்தபோது, சிறுவயதில் நலிந்தவை கற்றுக்கொள்ளத் திணறின. மீன் கூட்டம் எங்கே எழும் என்பதை அலையையும் பிற பறவைகளையும் பார்த்துக் கற்க வேண்டிய பறவைக்கு இது சிறு குறை அன்று. இந்த ஆய்வு முழுவதிலும் என்னை அதிகம் கலங்கவைப்பது இந்தச் சோதனைதான்: கரையில் ஒதுங்கும் சடலக் கணக்கில் அந்தக் குஞ்சு ஒருபோதும் பட்டினிச் சாவாகப் பதிவாகாது.

இறகும் ஒரு சாட்சி. இறகு முளைக்கும்போது இரத்தத்தில் ஓடும் கார்ட்டிகோஸ்டிரோன் அதில் படிந்துவிடுகிறது. பின்னர் அந்த இறகைக் கத்தரித்துச் சோதித்தால், அது வளர்ந்த வாரங்களில் பறவை பட்ட பாட்டை அளக்கலாம். இறகுதிர்ப்புக் காலமே தனியொரு நெருக்கடி. பஃபின், மர் போன்ற பறவைகள் இறக்கையின் பறத்தல் இறகுகளை ஒரே சமயத்தில் உதிர்ப்பதால், சில வாரங்கள் பறக்கவே இயலாது. புது இறகுக்குப் புரதம் வேண்டும், நகர்ந்து இரை தேடவோ வழியில்லை. 2016 அக்டோபர் முதல் 2017 ஜனவரி வரை பேரிங் கடலின் செயின்ட் பால் தீவில் 350க்கு மேற்பட்ட பறவைச் சடலங்கள் ஒதுங்கின. பெரும்பாலானவை கொண்டை பஃபின்கள், பலவும் இறகுதிர்ப்பின் நடுவே மெலிந்து செத்தவை. இதோடு நஞ்சும் கைகோக்கிறது. பாதரசம் ஒருபுறமிருக்க, பிசிபி போன்ற கரிம மாசுகள் கொழுப்பில் ஒடுங்கிக் கிடப்பவை. ஐடர் என்னும் கடல்வாத்தின் பெண் பறவை, அடைகாக்கும் 25 நாள் அளவும் ஏறக்குறைய ஒன்றும் தின்பதில்லை. கொழுப்பு கரையும்போது அதில் பூட்டியிருந்த மாசுகள் இரத்தத்துக்கு வந்துவிடுகின்றன. உடல் மிகவும் நலிந்திருக்கும் வேளையில் நஞ்சின் செறிவு உச்சத்தை எட்டுகிறது.

மறுபடியும் 2014 - 2016க்கு வருவோம். வடகிழக்குப் பசிபிக்கில் அந்த ஆண்டுகளில் பரவிய வெப்ப நீரை அமெரிக்கர்கள் ப்ளாப் என்று அழைத்தார்கள். வெப்பம் பறவையை நேரடியாகத் தாக்கவில்லை. அது இரையைத் தாக்கியது. வெந்நீரில் மிதவை உயிரிகளின் வகை மாறியதால் சிறு மீன்கள் இளைத்து அருகின. அதே வெப்பத்தால் காட், பொல்லாக் முதலிய பெரிய மீன்களின் வளர்சிதை வேகம் கூடி, அவற்றின் பசியும் கூடியது. குளிர்ரத்தப் பிராணியின் உடலில் நீரின் வெப்பமே அடுப்பு. குறைந்துபோன அந்தச் சிறு மீனுக்காகப் பறவையும் பெரிய மீனும் போட்டியிட்டன. நாளைக்கு அரைக்கிலோ மீன் இல்லாமல் வாழ முடியாத மர் பறவை தோற்றது.

உலகின் ஏழு கடற்பகுதிகளில் 14 பறவை இனங்களின் நீண்டகாலப் பதிவுகளை ஒப்பிட்டு, ஃபிலிப் கியூரி தலைமையிலான குழு 2011இல் ஓர் எல்லைக்கோட்டைக் காட்டியது: சிறு மீன்வளம் அதன் உச்ச அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால், பறவைகளின் இனப்பெருக்கம் சரியத் தொடங்குகிறது. மீன்வளத்தைப் பங்கிடும்போது பறவைக்கு விட்டுவைக்க வேண்டிய அளவாக இதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கோடு குஞ்சுகளை எண்ணிப் போடப்பட்ட கோடு. குக் இன்லெட்டின் இரத்தத்துளிகளைப் பார்த்தவருக்கு, பெற்றோர் பறவையின் நெருக்கடி அதற்கு முன்பே தொடங்குவது தெரியும். மீன்பிடி அளவை வகுப்பவர்கள் இரத்தத்தையும் இறகையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ப்ளாப் விலகிப் பல ஆண்டுகள் ஆனபிறகும், 2022 வரையிலான எண்ணிக்கைகளில் அலாஸ்காவின் மர் குடியிருப்புகள் மீளவில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று உணவைச் சார்ந்ததே அன்று. மர் பறவை கூடு கட்டுவதில்லை. வெறும் பாறை விளிம்பில் ஒற்றை முட்டையிட்டு, தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் நெருக்கமே அதன் மதில். வரிசையில் பாதிப் பறவைகள் போனபின் அந்த மதிலில் இடைவெளி விழுகிறது. கழுகு ஒன்று தாழப் பறந்தால் மிஞ்சியவை திடுக்கிட்டு எழுகின்றன, அந்த நொடியில் கடற்காகங்கள் இடைவெளிக்குள் இறங்கி முட்டையைக் கவ்விக்கொண்டு போகின்றன.